மோட்டார் அடிக்கும் மேளம்

தீபாராதனைக்கு அர்ச்சகர் கற்பூரத்தட்டைக் கையில் எடுத்ததும் ஒருவர் தூணோரம் போய் சுவிட்சைத் தட்டுகிறார். இரும்புச் சட்டத்தில் பொருத்திய மோட்டார் சுழலத் தொடங்குகிறது. அதோடு இணைத்த கம்பிகள் ஒரு சிறு முரசையும் சேகண்டியையும் மணியையும் மாறி மாறி அடிக்கின்றன. ஆராதனை முடிந்ததும் சுவிட்ச் அணைகிறது, சத்தம் சட்டென்று நிற்கிறது. சிற்றூர்க் கோயில்கள் பலவற்றிலும் நகரத்துத் தெருக்கோயில்களிலும் இன்று பூஜை வேளையின் மங்கல வாத்தியம் இந்த இயந்திரம்தான். சட்டத்தின் நெற்றியில் உபயதாரர் பெயர் வர்ணத்தில் எழுதியிருக்கும். கொடுத்தவர் பக்தியோடுதான் கொடுத்திருக்கிறார். வாங்கி வைத்தவர்களுக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் மாதச் சம்பளம் கொடுக்க வழியில்லாத கோயிலில் பூஜை வேளை ஓசையற்றுப் போய்விடக் கூடாதே என்ற கவலைதான் காரணம். ஆனால் மோட்டாருக்குத் தெரிந்தது ஒரே வேகம், ஒரே அடி. விடியலுக்குப் பூபாளம், சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி என்று வேளையறிந்து வாசித்தவர்கள் இருந்த இடம் அது. கோயிலுக்குள் வராதவருக்கும், வர விடப்படாதவருக்கும்கூட, உள்ளே என்ன நடக்கிறது என்று வீட்டுத் திண்ணை வரை வந்து சொல்லிய அறிவு அது. அந்த அறிவை எந்த சுவிட்சிலும் அடைக்க முடியவில்லை.

அந்த மங்கல வாத்தியமான நாதஸ்வரத்தில் சென்ற நூற்றாண்டில் இன்னொரு மாற்றமும் நடந்தது. அதற்கு முன் பெரிதும் புழங்கியது திமிரி நாயனம். குட்டையான உடல், நாலு கட்டைக்கு மேல் நிற்கும் கூர்மையான சுருதி. நாலு மாட வீதியில் கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு கடைசி வீடு வரை போய்ச் சேர அந்தக் கூர்மை வேண்டியிருந்தது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வீதியிலிருந்து கச்சேரி மேடைக்கு, ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்தபோது தேவை வேறாகிவிட்டது. ஒரு ராகத்தை நெடுநேரம் விரித்து, வாய்ப்பாட்டைப் போல் குழைத்து ஊத அவருக்குத் தாழ்ந்த சுருதி தேவைப்பட்டது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைந்த ரங்கநாதன் ஆசாரி, உடலின் நீளத்தைக் கூட்டித் துளைகளின் இடத்தைத் திருத்தி, இன்று நாம் கேட்கும் பாரி நாயனத்தை அவருக்காகச் செதுக்கினார். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. பழைய நாயனத்தில் சுத்த மத்திமம் என்ற சுரம் நேராகப் பிடிபடாது. உதட்டாலும் விரலாலும் சமாளித்தே அதைக் கொண்டுவர வேண்டும். 1950-களில் அந்தக் குறையும் தீர்ந்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல பத்தாண்டுகள் காய்ந்து முற்றிய ஆச்சா மர உத்திரத்தைத் தேடி வாங்கிக் கடையும் ஊர் அது. அங்கே துளையின் இடம் ஒரு நூல் தள்ளினாலும் சுரம் நழுவிவிடும். அந்த ஊரின் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாரம்பரிய ஓசை என்று நாம் உருகிக் கேட்கும் நாதஸ்வரம் பெரும்பாலும் நம் தாத்தா காலத்துப் புதுமை.

இரண்டையும் மாற்றம் என்றே சொல்கிறோம். மார்கழி வந்தால் சபா வாசலிலும் பத்திரிகைப் பக்கங்களிலும் மரபா புதுமையா என்று எழும் விவாதத்தின்படி பார்த்தால், மரபு காப்பவர்கள் இரண்டையும் எதிர்க்க வேண்டும், காலத்தோடு போகச் சொல்பவர்கள் இரண்டையும் வரவேற்க வேண்டும். எவ்வளவு பயனற்ற அளவுகோல்! பாரி நாயனம் வேண்டும் என்று கேட்டவர் வாசிப்பவர், செய்தவர் கருவி கடைபவர். பலன் இருவருக்கும் கிடைத்தது, கேட்பவருக்கும் கிடைத்தது. மோட்டார் மேளத்தை வாங்கும்போது வாசிப்பவரை யாரும் கேட்கவில்லை. அவர் இல்லாமலே காரியம் நடக்க வேண்டும் என்பதற்காகத்தானே அது வந்தது. ஒரு கலையில் நேரும் மாற்றத்தை, அது பழையதிலிருந்து எத்தனை அடி விலகியது என்று அளப்பதில் பொருளில்லை. அந்தக் கலையைக் கையில் வைத்திருப்பவரின் பேச்சு அதில் எடுபட்டதா, மாற்றத்துக்குப் பிறகு அவர் கை வலுத்ததா, வெறுங்கையானதா என்று கேட்பதே முறை என்பது என் வாதம். தறிக்கும் வயலுக்கும் பட்டறைக்கும்கூட இதே கேள்விதான். இசையில் அது காதிலேயே விழுந்துவிடுகிறது.

நம் இசையின் இலக்கணமே இதற்கு ஒரு வழி காட்டுகிறது. மோகனத்தின் ஐந்து சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல், அதன் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்துப் பாடினால் மத்தியமாவதி. காந்தாரத்தில் நின்றால் இந்தோளம், பஞ்சமத்தில் நின்றால் சுத்த சாவேரி, தைவதத்தில் நின்றால் சுத்த தன்யாசி. ஆர்மோனியத்தின் கறுப்புக் கட்டைகளை மட்டும் தொட்டு யாரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பழந்தமிழர் பாலை என்று அழைத்த சுர வரிசைகளில் ஒன்றிலிருந்து இன்னொன்று பிறக்கும் முறையைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் பேசுகின்றன. 'கருணாமிர்த சாகரம்' (1917) எழுதிய ஆபிரகாம் பண்டிதரும் 'யாழ் நூல்' (1947) எழுதிய விபுலாநந்த அடிகளும் அதைப் பல ஆண்டுகள் உழைத்து ஆராய்ந்தார்கள். ஓசைகள் அப்படியே இருக்கின்றன, நிற்கும் இடம்தான் மாறுகிறது, அதோடு உணர்ச்சியும் முழுதாக மாறிவிடுகிறது. வரலாற்றையும் இப்படி இடம் மாற்றி நின்று கேட்க வேண்டியிருக்கிறது. சென்னை அரங்கில் அமர்ந்தவருக்கு மறுமலர்ச்சியாகக் கேட்ட ஒன்று, தஞ்சை வட்டாரத்து இசை வேளாளர் தெருவிலிருந்து கேட்டவருக்குப் பறிகொடுத்ததாகக் கேட்டது.

தேவதாசிப் பெண்கள் ஆடிவந்த சதிர் பரதநாட்டியமான வரலாற்றைச் சொல்கிறேன். அதில் ஒன்றுக்கொன்று வேறான இரண்டு மாற்றங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் சென்னை சட்டசபையில் அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார், 1947-இல் அது சட்டமானது. அந்த வழக்கத்தின் கொடுமையை உள்ளிருந்து அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் அதற்கு எதிராகப் பேசினார், 1936-இல் நாவலே எழுதினார். அதே சமயம், எங்கள் கலையையும் சொத்துரிமையையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள் என்று தேவதாசிப் பெண்கள் அரசுக்கு மனுக் கொடுத்ததும் பதிவாகியிருக்கிறது. இரண்டு தரப்பும் அந்த வாழ்வைத் தெரிந்தவர்கள்தாம். எதிர்காலம் இன்னதென்று அறியாத குழந்தையின் கழுத்தில் பொட்டுக்கட்டுவதை ஒழித்தது சரி என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஏனென்றால் அந்தக் குழந்தையை யாரும் கேட்டதே இல்லை. இரண்டாவது மாற்றம், அந்த ஆட்டம் வேறு கைகளுக்குப் போனது. ஈ. கிருஷ்ண ஐயர் போன்றவர்கள் அதைச் சபா மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 1935-இல் ருக்மிணி தேவி அடையாறில் ஆடினார். 1936-இல் அவருடைய கலைப்பள்ளியான கலாக்ஷேத்திரம் பிறந்தது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. கற்றுக்கொடுக்க, ஆட்டம் பயிற்றும் நட்டுவனார் தேவைப்பட்டார். ஆனால் அதுவரை ஆடிய பெண்களுக்கு மேடையில் இடம் சுருங்கிக்கொண்டே போனது. பாலசரஸ்வதி போன்ற ஒருசிலர் தங்கள் மேதைமையால் நின்று காட்டினார்கள். சிருங்காரத்தை இந்த ஆட்டத்திலிருந்து களைய வேண்டியதில்லை என்று பாலசரஸ்வதி கடைசி வரை சொல்லிவந்தார்.

அவர்கள் எடுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்த ஆட்டமே செத்துப்போயிருக்கும் என்று பதில் வரும். அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது, அதை மறுப்பது நேர்மையாகாது. ஊர்ப் பெரிய மனிதர்கள் சதிர்க் கச்சேரி வைக்கவே கூசிய காலத்தில், நல்ல குடும்பம் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் அதைத் தங்கள் பெண்களுக்குக் கற்பிக்க முன்வந்தது துணிச்சல்தான். ஆனால் கலையைக் காப்பாற்றியதும் கலைஞரை விலக்கியதும் ஒரே செயலாக இருந்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நட்டுவனாரை வரவழைத்த பள்ளிகள் அவருடைய சகோதரியையும் ஆசிரியையாக வரவழைத்திருக்கலாம். பொட்டுக்கட்டுவதை ஒழித்த சட்டம், ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்ட பெண்ணுக்கு மானத்தோடு ஒரு மேடையும் சம்பளமும் உறுதி செய்திருக்கலாம். பெரும்பாலும் அப்படிச் செய்யவில்லை. எதைக் காப்பாற்றினோம் என்று பேசும்போதெல்லாம் யாரை விட்டுவிட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பழக வேண்டும்.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. கலையைக் கையில் வைத்திருப்பவர் சம்மதித்தால்தான் மாற்றம் என்றால், மேடையை வளைத்துப் பிடித்திருப்பவர்கள் எந்தக் காலத்திலும் சம்மதிக்க மாட்டார்களே? திருவையாற்றில் தியாகராஜர் சமாதியில் பாடப் பெண்களுக்கு இடமில்லாதிருந்தது. அந்தச் சமாதிக்குத் தன் பொருளைச் செலவழித்துக் கட்டடம் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளே தனியாகப் பெண்களைத் திரட்டிப் பாட வைக்க வேண்டியிருந்தது. அப்படியிருக்க, வித்துவான்களின் சம்மதத்துக்கு அவர் காத்திருந்திருக்க வேண்டுமா? கூடவே கூடாது. நான் சொல்வது கலையின் காவலர்களின் அதிகாரத்தை அல்ல, அதன் சுமையைத் தோளில் தாங்குபவர்களின் உரிமையை. இந்த வேறுபாட்டைப் பறையைப்போல் வேறெதுவும் தெளிவாகக் காட்டாது. இழவு வீட்டில் பறையடிப்பது பல ஊர்களில் கலையாக இருந்ததில்லை, சாதி விதித்த கட்டாய வேலையாக இருந்தது. அந்த வேலையை இனிச் செய்ய மாட்டோம் என்று தலித் மக்கள் பறையைக் கீழே வைத்தது ஒரு மாற்றம். அதற்காக அடி வாங்கியவர்கள் உண்டு, ஊர்விலக்கம் பட்டவர்கள் உண்டு. பின்னர் அதே பறையை வைக்கோல் தீயில் காய்ச்சி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடித்து, எங்கள் கருவி என்று மேடையேறியது இன்னொரு மாற்றம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் அதை ஏந்தி ஆடினார்கள். பறைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஒருவர் கீழே வைத்ததும் இன்னொருவர் கையிலெடுத்ததும் நேரெதிரான செயல்களாகத் தெரியலாம். இரண்டுமே சரி, இரண்டிலும் முடிவு அடிப்பவருடையது. அடிக்க மறுத்தவரைப் பார்த்து, அருமையான கலையை அழியவிடுகிறாயே என்று வெளியிலிருந்து அங்கலாய்க்க யாருக்கும் உரிமை இல்லை.

அழிவென்று வருந்தும் பலவற்றை இதே கண்ணால் பார்க்கலாம். ஏற்றப் பாட்டு இன்று வயலில் கேட்பதில்லை. துலா மரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கிணற்றடியில் ஒருவர் சாலைப் பிடித்துக் கவிழ்க்க, எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கையும் பாட்டே சுமந்தது. கால் தவறினால் கிணற்றில் விழ வேண்டியதுதான். பம்புசெட்டு வந்தது, ஏற்றம் போனது, பாட்டும் போனது. அந்தப் பாட்டுக்காக அந்த உழைப்பு நீடித்திருக்க வேண்டும் என்று அதைப் பாடிய யாரும் சொல்ல மாட்டார்கள். பெர்சி மாக்வீன் திரட்டிய நாட்டுப்பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் 'மலையருவி'யாகப் பதிப்பித்தார். அப்படிப்பட்ட பாட்டுகளைப் பாடியவர் பெயரோடும் ஊரோடும் பதிவு செய்து காப்பதே அங்கே நாம் செய்யக்கூடியது, அதைச் செய்தால் போதும்.

புதிய கருவி வந்தாலே ஆபத்து என்ற அச்சத்துக்கும் நம் வரலாறு இடம் தரவில்லை. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் ஐரோப்பியப் பிடிலை எடுத்து, கமகத்துக்கு ஏற்ப உட்கார்ந்து வாசிக்கும் முறைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று பிடில் இல்லாத கச்சேரியைக் கற்பனை செய்யவே கடினம். எடுத்தவர்கள் வித்துவான்கள், அதனால் கருவி இசைக்குப் பணிந்தது. ஒலிபெருக்கியின் கதை அவ்வளவு நேரானதில்லை. அது கச்சேரிக்கு ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுவந்தது, உச்சக் குரல் இல்லாதவர்களுக்கும் மேடை தந்தது. ஆனால் மிருதங்கத்தின் நுட்பமான சொற்கள் அதில் சிதைகின்றன என்று கருதிய பாலக்காடு மணி ஐயர் சில காலம் ஒலிபெருக்கி வைத்த கச்சேரிகளில் வாசிக்கவே மறுத்தார். அந்த மறுப்பைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு கருவி என்ன செய்கிறது என்பதை அதன் முன்னால் உட்கார்ந்து வாசிப்பவர் அறிவதுபோல் வேறு யார் அறிவார்?

கேட்பவர் விருப்பத்துக்கு இதில் இடமே இல்லையா என்று கேட்கலாம். கல்யாணத்துக்கு நாதஸ்வரம் வேண்டாம், செண்டை மேளம் வையுங்கள் என்று பெண் வீட்டார் சொன்னால் அது அவர்கள் காசு, அவர்கள் விருப்பம். தடுப்பதற்கில்லை. செண்டை வாசிப்பவரும் கலைஞர்தான், அவர் பிழைப்பையும் யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் அந்த விருப்பம் எப்படி உருவானது என்றும் பார்க்க வேண்டும். பல மண்டபங்களில் நாதஸ்வரக்காரருக்கு ஒதுக்கும் இடம் வாசலோரத்து மூலை. அவர் தோடியை எடுத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் திரைப்பாட்டுப் பெட்டி அலறுகிறது. கெட்டிமேளம் என்று கத்தும்போது மட்டும் அவர் நினைவுக்கு வருகிறார். இப்படிக் கேட்கவிடாமல் செய்துவிட்டு, மக்கள் கேட்கவில்லை என்று தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. முகூர்த்தத்துக்கு முன் அரை மணி நேரம் மற்ற ஒலிகளை நிறுத்தி, வாசிப்பவரை மணமேடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாலே போதும். கோயில்களுக்கும் வழி உண்டு. அறநிலையத்துறையில் வருமானம் மிகுந்த கோயில்கள் இருக்கின்றன. நாதஸ்வரமும் தவிலும் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே படித்து வெளிவரும் இளைஞர்களை, ஒரு வட்டாரத்துச் சிறு கோயில்களுக்கு முறைவைத்து வாசிக்கும்படி பெரிய கோயிலின் சம்பளப் பட்டியலில் சேர்க்கலாம். தினம் மூன்று வேளை முடியாவிட்டாலும் பிரதோஷத்துக்கும் வெள்ளிக்கிழமைக்கும் ஒரு மனிதர் வந்து வாசிக்கட்டும்.

கலையைக் கையில் வைத்திருப்பவரின் பேச்சு எடுபடுகிறதா என்ற கேள்வியை இன்று மிக அவசரமாகக் கேட்க வேண்டிய இடம் ஒலிப்பதிவுக் கூடம். 'ரோஜா' (1992) காலத்துக்குப் பிறகு கீபோர்டும் கம்ப்யூட்டரும் தமிழ்த் திரையிசையின் நடுவிடத்துக்கு வந்தன. புதிய ஓசைகள் பிறந்தன, எனக்கு அவை பிடிக்கும். கூட்டமாக வயலின் வாசித்துப் பிழைத்தவர்களுக்கு வேலை குறைந்ததும் அதே காலத்தில்தான். இப்போது தொழில்நுட்பம் குரலையே தொட்டுவிட்டது. 2024-இல் வந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டுக்கு, மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும் ஷாகுல் ஹமீதின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கினார் ஏ.ஆர். ரகுமான். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதாகவும் உரிய தொகை கொடுத்ததாகவும் அவரே வெளிப்படையாகச் சொன்னார். சட்டம் கட்டாயப்படுத்தாத நேரத்தில் அவர் அதைச் செய்தது மதிக்கத்தக்கது. ஆனால் ஓர் இசையமைப்பாளரின் நல்ல மனதை நம்பி எத்தனை பாடகர்கள் இருக்க முடியும்? அதே ஆண்டு பாடகர் அரிஜித் சிங்கின் குரலைப் போலி செய்த நிறுவனங்களுக்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அவர் புகழ்பெற்றவர், வழக்குப் போட வசதி உள்ளவர். கோரஸில் நிற்கும் பெண்ணுக்கும், கிராமத்திலிருந்து ஒரே ஒரு பாட்டுக்கு அழைத்து வரப்பட்டு ஒரு தொகையோடு திருப்பி அனுப்பப்படும் நாட்டுப்புறப் பாடகருக்கும் அந்த வசதி இல்லை.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டி உரிமையைத் தந்தது. பாடுபவர், வாசிப்பவர் உரிமைகளையும் வலுப்படுத்தியது. குரலின் சாயலை எடுத்துப் புதிய பாட்டைப் பாட வைக்கும் நாளை அந்தத் திருத்தம் எண்ணிப் பார்க்கவில்லை. சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பாடகரோ நாதஸ்வரக்காரரோ கையெழுத்திடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இந்தப் பதிவை எந்த இயந்திரத்துக்கும் பயிற்சிக்குக் கொடுக்கலாமா கூடாதா, கொடுத்தால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் என்ன பங்கு, இறந்த பிறகு முடிவெடுப்பவர் யார், பாட்டின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் எங்கே வரும் என்பவற்றை அவருக்குப் புரியும் தமிழில் எழுத வேண்டும். வேண்டாம் என்று அவர் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடவும் இடம் இருக்க வேண்டும். அப்படி அடித்ததற்காக அடுத்த பாட்டுக்கு அவரை அழைக்காமல் விடக் கூடாது. திரை இசைக் கலைஞர்களின் சங்கங்கள் தயாரிப்பாளர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய முதல் விஷயம் இது. நாட்டுப்புறக் கலைஞர்களின் சார்பில் பேசுபவர்களுக்கும் அந்த மேசையில் நாற்காலி போட வேண்டும்.